பாட்டு தெரியாமல் காங்கா இல்லை

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் வாழும் தமிழ்க் காங்கா கலைஞர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். காங்கா என்பது கையால் வாசிக்கும் உயரமான கியூப மேளம். ஜாஸ் குழுக்களிலும் ஆப்ரோ-கியூபன் நடன வகுப்புகளிலும் பல ஆண்டுகளாக வாசித்து வருபவர் அவர்.

கேள்வி: ஜாஸ் பதிவுகளில் காங்கா வரும்போது எனக்கு அது ஓர் அலங்காரமாகத்தான் படுகிறது. இல்லாவிட்டாலும் பாட்டு நின்றுவிடாது. அதையே வாழ்நாள் வேலையாக எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? (பியானோ படிக்கும் மாணவர்)

பதில்: நிறையப் பதிவுகளில் நீங்கள் சொல்வதுதான் நிலைமை. பியானோ, பேஸ், டிரம் செட் எல்லாம் சேர்ந்து பாட்டை முடித்துவிட்ட பிறகு, காங்கா பின்னால் எங்கோ தட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழு 1947 டிசம்பரில் பதிவுசெய்த 'மன்தேகா'வைக் கேளுங்கள். அதில் காங்காவை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் நிற்காது. அந்தப் பாட்டு ஒரு மேளக்காரரின் வாயிலிருந்து வந்தது. சானோ போசோ ஹவானாவின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர். திருவிழா ஊர்வலங்களுக்குப் பாட்டுக் கட்டியவர், அபாகுவா என்ற ஆண்கள் சகோதர அமைப்பின் பாடல்களை அறிந்தவர். 1947இல் நியூயார்க்குக்கு வந்தபோது அவருக்கு இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பேஸ் இப்படித் தொடங்க வேண்டும், அதன்மேல் சாக்ஸஃபோன்கள் இப்படி, அப்புறம் டிரம்பெட்டுகள் இப்படி என்று ஒவ்வொன்றையும் பாடியே காட்டினார். கில்லெஸ்பியும் இசை அமைப்பாளர் கில் ஃபுல்லரும் எழுதிக்கொண்டார்கள். நடுவில் ஹார்மனி நகரத் தொடங்கும் அந்தப் பகுதி மட்டும் கில்லெஸ்பி சேர்த்தது. இரண்டு மனிதர்கள், இரண்டு இசைகள், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று இன்றைக்கும் காதால் கேட்டே சொல்லிவிடலாம். ஆனாலும் அது ஒரே பாட்டு. என்னை இந்த வேலைக்குள் இழுத்தது அதுதான்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்தவர் மரியோ பௌசா. ஹவானாவிலிருந்து வந்த டிரம்பெட் கலைஞர், மச்சீதோவின் ஆப்ரோ-கியூபன் குழுவுக்கு இசை இயக்குநர். கேப் கால்லவே குழுவில் கில்லெஸ்பியோடு ஒன்றாக வாசித்த பழக்கம் அவருக்கு இருந்தது. 1947 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் சானோ கில்லெஸ்பியின் குழுவோடு மேடை ஏறினார். பேருந்துப் பயணங்களில் மற்ற கலைஞர்களின் கையில் ஆளுக்கொரு மேளத்தையோ மணியையோ கொடுத்து, யார் எந்தப் பகுதியை வாசிப்பது, எந்த வரியைத் திருப்பிப் பாடுவது என்று சொல்லிக்கொடுத்தார். பேஸ் கலைஞர் அல் மெக்கிப்பன் கியூப இசைமேல் வாழ்நாள் முழுக்க வைத்திருந்த பற்றுக்கு அங்கேதான் விதை விழுந்தது. 1948 டிசம்பர் 2 அன்று ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் சானோவைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 33. கார்னகி ஹாலிலிருந்து கணக்கிட்டால் வெறும் பதினான்கு மாதம்.

அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் ஜாஸுக்குள் கொண்டுவந்ததைத் தாளம் என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'கியூபானா பி, கியூபானா பாப்' பதிவில் அவர் தனியாகப் பாட, குழுவினர் பதில் குரல் கொடுப்பதைக் கேளுங்கள். அவர் கொண்டுவந்தது பாட்டு. மேளம் அந்தப் பாட்டோடு கூடவே வந்தது.

கேள்வி: நான் மிருதங்கம் கற்றவன். கிளாவே என்பது நம்முடைய தாளம் போடுவது மாதிரிதானா? எண்ணிப் பழகிக்கொண்டால் போதுமா? (ஒரு பொறியாளர்)

பதில்: நானும் சிறு வயதில் மிருதங்கத்தில் தொடங்கியவள்தான். அதனால் நீங்கள் எங்கே தடுமாறப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கிளாவே என்பது இரண்டு குச்சிகளால் திரும்பத் திரும்பத் தட்டும் ஐந்து தட்டு; கியூப இசை அதன்மேல் நிற்கிறது. எண்ணிக்கை எளிது. ஒரு சுற்றைப் பதினாறு சம துடிப்புகளாகப் பிரியுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் தட்டினால் அது சோன் கிளாவே. மூன்றாவது தட்டை மட்டும் 7இலிருந்து 8க்குத் தள்ளினால் ரும்பா கிளாவே. (சோன், ரும்பா இரண்டும் கியூப இசை வகைகள்.) ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு துடிப்புதான் தள்ளிப்போகிறது. ஆனால் உடம்பு உணர்வது முற்றிலும் வேறாகிவிடும். சோன் கிளாவே தரையில் கால் பதிக்கிறது. ரும்பா கிளாவே அந்தக் காலை அரை நொடி அந்தரத்தில் பிடித்துவைக்கிறது.

நம்முடைய தாளத்தில் சமம் இருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும், எத்தனை கணக்குப் பண்ணினாலும் திரும்பி அங்கே வந்து சேர வேண்டும், சபையே அதற்காகக் காத்திருக்கும். கிளாவே அப்படிக் காத்திருக்காது. அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு: மூன்று தட்டு உள்ள பக்கம், இரண்டு தட்டு உள்ள பக்கம். பாடகரின் ஒவ்வொரு சொல்லும் இதில் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே பிறக்கிறது. பாட்டு தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் கணக்கு சரியாகத்தான் இருக்கும், மேளமும் பாட்டும் மட்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கணக்கில் கெட்டிக்காரர்களுக்குத்தான் இது கூடுதல் சிரமம். பிழை எங்கேயும் தெரியாது, ஆனால் ரும்பா பாடும் ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்துவிடுவார்.

ஆகவே எண்ணுவதை ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். அப்புறம் ரும்பாவில் ஒரு வகையான குவாகுவாங்கோவின் பல்லவி வரியை மனப்பாடம் செய்து, பாடிக்கொண்டே கிளாவேயைத் தட்டுங்கள். பாடிக்கொண்டே நடங்கள். நடந்துகொண்டே தட்டுங்கள். குரல், கை, கால் மூன்றும் சேர்ந்து ஓடுகிறதென்றால் மேளத்துக்கு வரலாம். என் மாணவர்களுக்கு இது பிடிப்பதில்லை. எல்லோருக்கும் முதல் நாளே காங்காவில் ஓங்கி ஒரு ஸ்லாப் (கூர்மையாக வெடிக்கும் அடி) அடிக்க வேண்டும். நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜாஸுக்கு வந்தால் இது இன்னும் சுவாரசியமாகும். பிராட்வே பாட்டுகளிலிருந்து வந்த பல ஜாஸ் மெட்டுகள் கிளாவேயை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. மேலே கிளாவேயை ஒட்டினால் நடுவில் எங்கேயாவது இடிக்கும். அங்கே மெட்டின் ஒரு சொற்றொடரை முன்னாலோ பின்னாலோ நகர்த்த வேண்டும், அல்லது அந்தப் பாட்டையே விட்டுவிட வேண்டும். ஜெர்ரி கொன்சாலெஸின் ஃபோர்ட் அபாச்சே குழு ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்கின் மெட்டுகளைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். மாங்க் இடைவெளி விட்டு எழுதுபவர். அவருடைய சுரங்கள் விழும் இடங்கள் ஏற்கெனவே ரும்பாவோடு பேசத் தயாராக இருக்கின்றன. 1989இல் வெளிவந்த 'ரும்பா பாரா மாங்க்' தொகுப்பை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, முழுதாகக் கேளுங்கள். ஜெர்ரி டிரம்பெட்டும் வாசித்தார், காங்காவும் வாசித்தார். ஒரே மனிதருக்குள் இரண்டு இசையும் முழுசாகக் குடியிருந்தது.

கேள்வி: 'ஆஃப்ரோ ப்ளூ' ஜான் கோல்ட்ரேன் எழுதியது என்று நண்பர்கள் சத்தியம் செய்கிறார்கள். சரியா? (ஒரு வாசகி)

பதில்: இல்லை. மொங்கோ சாந்தமாரியா எழுதியது. சாக்ஸஃபோன் கலைஞர் கோல்ட்ரேன் 1963இல் நியூயார்க்கின் பேர்ட்லாண்ட் கிளப்பில் வாசித்த பதிவு உலகப் புகழ் பெற்றது, அந்த இசைத்தட்டின் ஆரம்பப் பதிப்புகளில் இயற்றியவர் பெயரும் தவறாகக் கோல்ட்ரேன் என்றே அச்சானது. உங்கள் நண்பர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காங்கா கலைஞர் இயற்றிய மெட்டு என்பது மறைந்துபோவது எனக்குப் பெரிய வருத்தம். மேளக்காரர்கள் மெட்டு எழுத மாட்டார்கள் என்ற நினைப்புதான் இந்தத் தவறு இவ்வளவு காலம் நிலைக்கக் காரணம்.

மொங்கோ 1917இல் ஹவானாவில் பிறந்தவர். பகலில் தபால்காரர் வேலை, இரவில் கேளிக்கை விடுதிகளில் வாசிப்பு. 1950இல் நியூயார்க்குக்கு வந்து, குழுத் தலைவர் தீத்தோ புவெந்தேவோடு பல ஆண்டுகள், அப்புறம் மேற்குக் கரையில் கால் ட்ஜேடரின் ஜாஸ் குழுவில் சில ஆண்டுகள். அந்தக் காலத்தில்தான் ஃபேன்டசி நிறுவனத்துக்காக 'யம்பு', 'மொங்கோ' என்ற இரண்டு இசைத்தட்டுகளைப் பதிவுசெய்தார். நாட்டார் மேளமும் பாட்டும் அவற்றில் நீர்த்துப்போகாமல் இருக்கின்றன. இரண்டாவதில்தான், 1959இல், 'ஆஃப்ரோ ப்ளூ' வந்தது.

அதன் உள்ளே நடப்பது இது. ஒரே காலத்துக்குள் மூன்றும் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. மொங்கோவின் பதிவில் நடனக்காரரின் கால் அந்த நிதானமான பெரிய அடியில் இருக்கிறது, மூன்று அதன்மேல் மிதக்கிறது. ஒரிஷா தெய்வங்களுக்கான பெம்பே விழாக்களில் உடம்பு நடக்கும் விதம் அதுவே. கோல்ட்ரேனின் குழுவோ அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. அதன் டிரம்மர் எல்வின் ஜோன்ஸ் மூன்றைத் தரையாக வைத்து ஸ்விங் செய்கிறார், இரண்டு மேலே வந்து மோதுகிறது. இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு, காலால் தரையில் தட்டிப் பாருங்கள். உங்கள் கால் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் விழும். ஒரே மெட்டு இரண்டு இசைகளிலும் முழுதாக வாழ்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: பதா மேளங்கள் கோயில் மேளம் போலப் புனிதமானவை, பெண்கள் தொடக் கூடாது என்று படித்தேன். நீங்கள் அதை ஜாஸ் மேடையில் வாசிப்பது எப்படிச் சரியாகும்? (ஓர் ஆசிரியை)

பதில்: கேட்டதற்கு நன்றி. இதை யாராவது நேராகக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

பதா என்பது மூன்று மேளங்களின் குடும்பம். இயா, இதோதெலே, ஒகோன்கோலோ. மூன்றுக்கும் இரண்டு முகம், மடியில் குறுக்கே வைத்து இரு கையாலும் வாசிப்பது. பெரியதான இயா பேசும், இதோதெலே பதில் சொல்லும், சின்னதான ஒகோன்கோலோ நடையைப் பிடித்துவைக்கும். யொரூபா மக்களை அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுபோனபோது அவர்களோடு போன வழிபாட்டின் குரல் இந்த மேளங்கள். சடங்கு செய்து, அன்யா என்ற சக்தியை உள்ளே நிறுவிய மேளங்களை, அதற்கென்று உறுதிமொழி எடுத்த ஆண்கள்தான் வாசிக்கலாம். பெண்களுக்கு அனுமதி இல்லை. நான் அவற்றைத் தொட்டதில்லை, தொடக் கேட்டதும் இல்லை.

நான் வாசிப்பது அபெரிகுலா, அதாவது அந்தச் சடங்கு செய்யப்படாத மேளங்கள். மேடையில் பதாவைக் கேட்பது நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1936இலேயே ஹவானாவில் ஆய்வாளர் ஃபெர்னாந்தோ ஓர்த்திஸ், பாப்லோ ரோச்சே என்ற மாபெரும் கலைஞரை அழைத்து, சடங்கு செய்யாத மேளங்களில் பொதுமக்கள் முன்னால் வாசிக்கவைத்தார். 1973இல் தொடங்கிய கியூபாவின் இராக்கெரே குழு பதாவை மின்சார கிட்டாருக்கும் ஜாஸ் டிரம்பெட்டுகளுக்கும் நடுவில் உட்காரவைத்தது. ஹவானாவில் 1993இல் தொடங்கிய ஒபினி பதா முழுக்கப் பெண்களின் குழு. அவர்கள் முதலில் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. இன்றைக்கு நான் மடியில் மேளத்தை வைக்கும்போது அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் வருகிறேன்.

புனித மேளங்களைப் பெண்கள் தொடலாமா என்ற விவாதம் அந்த வழிபாட்டுச் சமூகத்துக்குள்ளேயே நடக்கிறது. அது அவர்களுடைய விவாதம், முடிவும் அவர்களுடையது. எனக்கு எல்லை தெளிவாக இருக்கிறது. விழாவுக்கு அழைத்தால் போகிறேன், பாடுபவர்களோடு நின்று பாடுகிறேன். எனக்குத் தெரிந்த பாடல்களில் பாதிக்கு மேல் அப்படி நின்று கற்றவை. மேளம் கிடைக்காததால் எனக்கு நஷ்டம் என்று சிலர் பரிதாபப்படுவார்கள். உண்மையில் பாடல் தெரியாத பதாக்காரரைவிடப் பாடல் தெரிந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் அந்த இடத்தில் அதிகம் பயன்படுவார்.

ஜாஸ் மேடைக்கு எதை எடுத்துவருவது என்பதிலும் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எலெகுவாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஒரிஷாவுக்கும் வரிசையாக வணக்கம் சொல்லும் 'ஓரு' என்ற தொடர் இருக்கிறது. அதிலிருந்து கவர்ச்சியான நான்கு அடிகளைப் பிய்த்து சாக்ஸஃபோன் சோலோவுக்குக் கீழே போட மாட்டேன். ஞோங்கோ, சாச்சாலோகாஃபுன் போன்ற தாளங்கள் பல பாடல்களுக்கும் பொதுவாக வருபவை, நடனத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறவை. அவற்றில் உரையாடலுக்கு நிறைய இடம் இருக்கிறது. பியானோ கலைஞர் ஒரு புதிய கார்டு (சுரக்கூட்டு) போட்டால் இயா அதற்குப் பதில் சொல்லலாம். எதையாவது ஒரு குறிப்பிட்ட ஒரிஷாவுக்கு உரியதாக வாசிக்க வேண்டுமென்றால் அதற்குரிய பாட்டையும் சேர்த்துப் பாடுகிறேன். குழுவில் இருப்பவர்களையும் பாடவைக்கிறேன். அதற்கு ஒப்புக்கொள்ளாத குழுவோடு அந்தப் பகுதியை வாசிப்பதில்லை.

கேள்வி: கை வீங்குகிறது, விரல் நுனியில் வெடிப்பு. என்ன செய்வது? (காங்கா பழகும் இளைஞர்)

பதில்: சத்தம் வரவில்லை என்று பலமாக அடிக்கிறீர்கள். திறந்த ஒலி கையின் எடையில் வருகிறது, தோள் பலத்தில் அல்ல. கை விழுந்தவுடன் தோலே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்லாப்பும் அப்படித்தான், விரல்கள் தளர்ந்திருந்தால்தான் அந்தக் கூர்மை கிடைக்கும். வீக்கம் வடியும்வரை நிறுத்துங்கள். மேடையில் உங்கள் சத்தம் கேட்கவில்லை என்றால் மைக் கேளுங்கள். சிறுநீர் நிறம் மாறி, சிவப்பாகவோ பழுப்பாகவோ போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீண்ட நேரம் ஓங்கி அடிப்பவர்களுக்கு அது நேர்வதுண்டு.

கேள்வி: இந்த இசையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? (ஒரு தாய், மகனுக்காக)

பதில்: முடியும், ஆனால் ஒரே வருமானத்தில் முடியாது. என் வாரத்தைச் சொல்கிறேன். ஓக்லாந்தின் ஆலிஸ் தெருவில் மலோங்கா காஸ்கெலூர்ட் கலை மையம் இருக்கிறது. அங்கே நடன வகுப்புகளுக்கு மேளக்காரர்கள் நேரில் வாசிப்பார்கள். வாரத்தில் சில வகுப்புகள் எனக்கு. அப்புறம் பள்ளிகளில் கற்பித்தல், வீட்டுக்கு வரும் மாணவர்கள், மற்றவர்களின் பதிவுகளுக்கு வாசிப்பது. ஜாஸ் கிளப்பில் ஓர் இரவு இரண்டு செட் வாசித்தால் 100 அல்லது 150 டாலர் கையில் வரும். அதில் காங்காக்களைத் தூக்கிக்கொண்டு போக வண்டி, பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் போகும். கிளப்பை நம்பி வாடகை கட்ட முடியாது.

ஆனால் உங்கள் மகன் நடன வகுப்பைச் சில்லறை வேலை என்று நினைத்துவிடக் கூடாது. என் காதும் கையும் அங்கேதான் உருவாயின. ஒன்றரை மணி நேரம் நிற்காமல் வாசிக்க வேண்டும், நடன ஆசிரியர் கையைத் தூக்கியதும் மாற வேண்டும், நடனக்காரரின் தோளைப் பார்த்து கிந்தோ (உச்சக் குரல் காங்கா) பேச வேண்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று ஒருவரின் உடம்பைப் பார்த்து ஊகிக்கிற பழக்கம் ஜாஸ் சோலோவுக்குப் பின்னால் வாசிக்கும்போது அப்படியே உதவுகிறது.

முன்னோடிகளும் இப்படிப் பல இடங்களில் கால் வைத்துத்தான் நின்றார்கள். ஃபிரான்சிஸ்கோ அகுவாபெல்யா, கியூபாவின் மதான்சாஸில் 1925இல் பிறந்தவர், பதாவில் பெரும் குரு. கேத்தரின் டன்ஹமின் நடனக் குழுவோடு கியூபாவை விட்டு வெளியே வந்து, அப்புறம் அமெரிக்காவில் தங்கினார். புவெந்தேவோடும் மொங்கோவோடும் கில்லெஸ்பியோடும் வாசித்தார், பாடகி பெக்கி லீக்கும் வாசித்தார். லாஸ் ஏஞ்சலஸில் சடங்குகளுக்கு மேளம் வாசித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் பாடமும் எடுத்தார். 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமை விருது அவருக்குக் கிடைத்தது. மொங்கோவுக்கோ பெரிய வாசலைத் திறந்தது ஹெர்பி ஹான்காக் எழுதிய 'வாட்டர்மெலன் மேன்'. 1963இல் அது பில்போர்டு பட்டியலில் பத்தாம் இடம்வரை போனது. பிராங்க்ஸில் கூட்டம் குறைந்த ஓர் இரவில், மொங்கோவின் குழுவில் பியானோவுக்கு வந்திருந்த ஹான்காக் அதை வாசிக்கத் தொடங்க, மொங்கோ காங்காவில் சேர்ந்துகொள்ள, இருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஆடினார்கள். நாட்டார் இசையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கியூபாவுக்குப் போய்த்தான் கற்க வேண்டுமா? (அமெரிக்காவில் படிக்கும் மாணவி)

பதில்: முதலில் இங்கேயே நிறையக் கற்கலாம். 1980இல் கியூபாவின் மாரியெல் துறைமுகம் வழியாக வந்தவர்களில் ஒர்லாந்தோ 'புந்தீயா' ரியோஸ், ஃபெலிப்பே கார்சியா வீயாமில் போன்ற பெரிய கலைஞர்கள் இருந்தார்கள். அவர்களிடம் நேரடியாகக் கற்றவர்கள் இன்று நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இருந்தாலும் முடிந்தால் போங்கள், ஹவானாவோடு நின்றுவிடாமல் மதான்சாஸுக்கும் போங்கள். அமெரிக்காவிலிருந்து வெறும் சுற்றுலா என்று போக முடியாது. அனுமதிக்கப்பட்ட பன்னிரண்டு வகைகளில் ஒன்றுக்குள் உங்கள் பயணம் வர வேண்டும், செலவுக் கணக்குகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியருக்கான கட்டணத்தை நேரடியாக அவர் கையிலேயே கொடுங்கள். மேளத்துக்குத் தோல், கயிறு, வீட்டுக்கு வலி மாத்திரை கொண்டுபோங்கள், அங்கே இவை எளிதில் கிடைப்பதில்லை.

மதான்சாஸில் எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் அந்தப் பயணம் முழுவதும் ஒகோன்கோலோவைத் தவிர வேறு மேளம் தரவில்லை. மின்சாரம் போன மாலைகளில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து அவர் இயா வாசிப்பார், அவருடைய மருமகன் இதோதெலே, நான் அந்தச் சின்ன மேளத்தில் அதே இரண்டு ஒலிகள். நடு நடுவே வாசிப்பை நிறுத்தாமல், "பாடு" என்பார். கை மாறாமல் பாட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்மணி சமையலறையிலிருந்தே பதில் வரியைப் பாடுவார், சில நாள் என் உச்சரிப்பையும் ஜன்னல் வழியாகத் திருத்துவார். அவர் மேளம் வாசிப்பவர் அல்ல. ஆனால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அந்தப் பாட்டுகள் தெரியும். அதைப் பார்த்த பிறகு, மேளத்தைத் தனியாகக் கற்பது என்ற எண்ணமே எனக்கு விட்டுப்போனது.

ஹவானா ரும்பா முறுக்கேறியது, வேகமானது. மதான்சாஸ் ரும்பா நிதானம், மேளங்கள் ஒன்றையொன்று பேசவிட்டுக் கேட்கும். 1952இல் தொடங்கிய லோஸ் முன்யெகீத்தோஸ் தே மதான்சாஸ் குழுவின் எந்தப் பதிவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் சொல்வது புரியும்.

கேள்வி: எங்கள் ஜாஸ் குழுவில் டிரம்மரும் நானும் மோதிக்கொண்டே இருக்கிறோம். அவர் என்னைச் சத்தம் என்கிறார், எனக்கு அவர் சத்தம். என்ன வழி? (ஒரு காங்கா கலைஞர்)

பதில்: பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஸ்விங் பாட்டில் டிரம்மரின் ரைடு சிம்பல் நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று போகிறது. நீங்களோ தும்பாவோவின் (காங்காவின் அடிப்படை அடிக்கோலம்) கடைசி இரண்டு திறந்த ஒலிகளை நேர்க்கோடாக, சம இடைவெளியில் அடிக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன உரசல், ஒவ்வொரு பாரிலும் (தாளச் சுற்றிலும்). கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ கனமாக இருக்கிறது என்று மட்டும் படும்.

காங்கா கலைஞர் ரே பாரெட்டோவைக் கேளுங்கள், 1963இல் வெளிவந்த கிட்டார் கலைஞர் கென்னி பர்ரெலின் 'மிட்நைட் ப்ளூ' தொகுப்பில். பாரெட்டோ நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர், ஜாஸ் கேட்டே மேளத்துக்கு வந்தவர். அந்தத் திறந்த ஒலிகளை அவர் சிம்பலோடு சேர்த்தே ஸ்விங் செய்கிறார். டிரம்மரின் ஹை-ஹாட் (காலால் மூடும் சிம்பல் ஜோடி) விழும் இரண்டாவது அடியில் தன்னுடைய ஸ்லாப்பை மெல்லியதாக வைக்கிறார். நிறைய இடங்களில் வாசிக்காமலே இருக்கிறார்.

கிளாவே உள்ள பாட்டு என்றால் நிலைமை தலைகீழ். அங்கே டிரம்மர் உங்கள் பக்கம் வர வேண்டும். அவரிடம் ஸ்டீவ் பெர்ரியோஸின் வாசிப்பைக் கேட்கச் சொல்லுங்கள். ஃபோர்ட் அபாச்சே குழுவின் டிரம்மர் அவர்தான். பதாவும் ஜாஸும் சேர்ந்தே தெரிந்ததால் மூன்று மேளங்களின் உரையாடலை ஒரே டிரம் செட்டில் பிரித்து வாசிக்க அவரால் முடிந்தது. நீங்கள் குவாகுவாங்கோ வாசித்தால் டிரம்மர் அதன் மரத்தட்டை ஸ்நேர் விளிம்பில் எடுத்துக்கொள்ளலாம், சிம்பலை முழுதாக விட்டுவிடலாம். யார் எந்தப் பகுதியை எடுப்பது என்று பாட்டு தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒத்திகைக்கு ஒன்று செய்யுங்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, முதல் முறை காங்காவைத் தொடாதீர்கள், கிளாவேக் குச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை குச்சிகளை டிரம்மர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மெட்டைப் பாடுங்கள். மூன்றாவது முறை அவர் பாடட்டும், நீங்கள் தட்டுங்கள். மெட்டில் இடிக்கும் இடம் எது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அந்தப் பாரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்து, பியானோ கலைஞரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். எந்தச் சொற்றொடரை நகர்த்த வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.